கேமராவை எடுக்க நீ திரும்பி வருவதற்குள்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் இங்கே சுகம். இந்த வரி இல்லாவிட்டால் கடிதம் கடிதம் மாதிரியே இருக்காது என்பதால் எழுதிவிட்டேன், நீ சுகமா என்று கேட்கத்தான் மீதி முழுவதும். என் கோழிக்கிறுக்கலிலேயே எழுதச் சொன்னார் அப்பா, அப்போதுதான் எழுதியது நான்தான் என்று உனக்குச் சந்தேகமில்லாமல் தெரியுமாம். இதைப் படம் பிடித்து, நீ கடைசியாகப் போன் பேசினாயே அந்த அடிவாரத்துக் கடை, அந்தக் கடைக்காரம்மாவுக்கு அனுப்பப் போகிறார், அவர் காகிதத்தில் அச்செடுத்து உன்னிடம் சேர்ப்பார். முக்கியமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். இதைப் படித்ததும் கீழே இறங்கி வந்துவிடு. வா என்று சொன்ன உடனே வருகிற பிள்ளையாக நான் உன்னை வளர்க்கவில்லை, காரணம் கேட்பாய், அதனால் காரணத்தைப் பொறுமையாக எழுதுகிறேன், நீயும் பொறுமையாகப் படி.

வீட்டில் விசேஷமாக ஒன்றும் இல்லை. அப்பாவுக்குத் தோள்பட்டை வலி விட்டபாடில்லை, கல்யாண வீடியோ வெட்டி ஒட்டுகிறவருக்கு மௌசைப் பிடித்த கை எப்படி ஓயும். மாடியில் இருக்கும் அத்தை தினமும் சாயங்காலம் இறங்கி வந்து, உன் வீடியோ போட்டால் ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு, இந்த வெயிலிலும் பனியிலும் சைக்கிள் மிதித்தால் எந்த மாப்பிள்ளை திரும்பிப் பார்ப்பான் என்று கேட்டுவிட்டுப் போகிறார். அந்த மலையில் மாப்பிள்ளையும் இல்லை, திரும்பிப் பார்க்க ஆளும் இல்லை என்று நான் சிரித்துக்கொண்டே சொல்வேன். இப்போது அப்படிச் சொல்வதில்லை. என் மூக்குக்கண்ணாடிக் கடையில் கூட்டம் பரவாயில்லை, பள்ளிக்கூடம் திறக்கும் சமயம், பிள்ளைகள் உட்கார்ந்து நசுக்கிய பிரேமையெல்லாம் கொண்டுவந்து கொடுக்கிறார்கள், காலையிலிருந்து நிமிர்த்திக்கொண்டே இருக்கிறேன்.

நீ அனுப்புகிற வீடியோவை அப்பா எப்படி வெட்டுவார் என்று உனக்குத் தெரியும். நீ வழியில் ஒரு கல்லின் மேல் குட்டி ஸ்டாண்டோடு கேமராவை வைத்துவிட்டு, சைக்கிளில் ஏறி அதைக் கடந்து போகிறாய், தூரத்து வளைவில் மறைகிறாய், அதுவரைக்கும்தான் படத்துக்கு வேண்டும். அப்புறம் வெறும் பாதை கொஞ்ச நேரம் ஓடும், பிறகு நீ கேமராவை எடுக்கத் திரும்பி வருவாய். அதையெல்லாம் வெட்டித் தனியாகப் போட்டுவைப்பார். தனியாளாகப் போகிறவர்கள் எல்லோரும் இப்படித்தான் எடுப்பார்கள், ஒரே பாதையை மூன்று தடவை மிதிக்க வேண்டும், ஆனால் பார்க்கிறவனுக்கு அது தெரியக் கூடாது என்பார். எனக்கு என்னவோ அந்த வெட்டிப்போட்ட துண்டுகள்தான் பிடிக்கும். படத்தில் நீ எப்போது பார்த்தாலும் போய்க்கொண்டே இருக்கிறாய். துண்டுகளில்தான் வருகிறாய். முதலில் ஒரு புள்ளி, அப்புறம் உன் ஆரஞ்சுக் கையுறை, அப்புறம் முகம், மூச்சு வாங்குவது கூடக் கேட்கும், அப்புறம் உன் கை வந்து படம் நிற்கும். மத்தியானம் கடையிலிருந்து சாப்பிட வரும்போது பழைய கம்ப்யூட்டரில் அதைப் போட்டுக்கொண்டுதான் சாப்பிடுவேன். அத்தைக்குத் தெரிந்தால் பைத்தியம் என்பார், பெத்த மனம் பித்து என்று ஊரே சொல்லிவைத்திருக்கிறது, நான் என்ன செய்ய.

நீ எதையும் நேராக வைத்த பிள்ளை இல்லை. சுவரில் படம் மாட்டினாலும் சாயும், கேமரா வைத்தாலும் சாயும், இடது பக்கம் கொஞ்சம் தாழ்ந்துதான் இருக்கும், அப்பா தலையில் அடித்துக்கொண்டு அதை நிமிர்த்துவார். மலைவழியில் போகிறவர்கள் ராத்தங்கும் குடிசைகளில், சிவப்புக் கதவு வைத்த தங்குமிடத்தைத் தாண்டி நீ மேலே போன பிறகு, நீ மறைந்ததும் ஓடும் வெறும் பாதை நேராக வர ஆரம்பித்தது, அப்பா அதிலும் கொஞ்சம் படத்தில் சேர்த்துக்கொண்டார். அப்பாவுக்கு ஒரே சந்தோஷம், வாலுக்குக் கடைசியில் கை படிந்துவிட்டது என்றார். நீயும் போனில் சொன்னாய், பார்க்கிறவர்கள் எல்லாம் இப்போது ஃபிரேம் அழகாக இருக்கிறது என்று எழுதுகிறார்கள் என்று.

அன்றைக்கு மத்தியானம் ஒரு துண்டு ஓடிக்கொண்டிருந்தது. நீ வளைவில் மறைந்துவிட்டாய். வெறும் பாதை, இரண்டு பக்கமும் கற்கள், தூரத்தில் மலைமுகடு வழக்கம்போல இடது பக்கம் சாய்ந்து தெரிந்தது. நான் தட்டைப் பார்த்துக் குனிந்து நிமிர்ந்தேன், படம் லேசாக அசைந்தது. மலைமுகடு மெதுவாக ஏறி நேராக வந்து நின்றது. கொஞ்சம் கூடுதலாகவே ஏறி, அப்புறம் ஒரு நூலளவு இறங்கி நின்றது. நான் தினமும் செய்கிற வேலை அது, மூக்கின் மேல் கண்ணாடியை வைத்துப் பார்த்து, நிமிர்த்தி, அதிகமாகப் போனால் கொஞ்சம் விட்டுக்கொடுப்பேன். பிறகு நீ வந்தாய், சிரித்தாய், கேமராவை எடுத்தாய். உனக்கு ஒன்றும் தெரியவில்லை.

காற்று என்றுதான் முதலில் நினைத்தேன். மற்ற துண்டுகளையும் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தேன். கீழ்த் தங்குமிடங்களில் எடுத்தவற்றில் ஒன்றும் இல்லை. சிவப்புக் கதவுக்கு மேலே எடுத்த ஒவ்வொன்றிலும் இருக்கிறது. நீ மறைந்த பிறகு, நீ வருவதற்குள். அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய், ஸ்டாண்டில் திருகு தளர்ந்திருக்கும் என்றார். தளர்ந்தால் சாயுமா நிமிருமா என்று கேட்டேன்.  அவர் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். வெகுநேரம் கழித்து என் காதிலும் மாட்டினார். அந்த மலையில் காற்று எப்போதும் இரைகிறது, உனக்கே தெரியும். படம் நிமிர்கிற அந்த நேரத்தில் மட்டும் இரைச்சல் அடங்குகிறது. மைக்குக்கும் காற்றுக்கும் நடுவில் யாராவது வந்து நின்றால்தான் இப்படி அடங்கும் என்றார், மண்டபத்தில் கேமராவுக்கு முன்னால் ஆள் வந்து நிற்கும்போது கேட்டுக் கேட்டுப் பழகிய காது.

அடிவாரத்துக் கடைக்கு இறங்கி வந்து நீ போன் செய்தபோது பட்டும் படாமலும் கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா. கல்லில் வைத்த கேமரா காற்றுக்கு ஆடாமல் இருக்குமா அம்மா என்று சிரித்தாய். மேலே உள்ள தங்குமிடங்கள்தான் ரொம்ப வசதி என்றாய், போய்ச் சேரும்போதே விறகு பிளந்து அடுக்கியிருக்கிறது, வாளியில் தண்ணீர் நிறைந்திருக்கிறது, அடுப்புச் சாம்பல் கூட வாரியிருக்கிறது, காவலாள் உனக்கு முன்னால் போய் எல்லாம் செய்துவைத்துவிட்டுப் போகிறார், அவரைப் பார்க்கத்தான் முடியவில்லை, நன்றிக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட் வைத்துவிட்டு வந்தேன் என்றாய். அந்த நிமிஷம் எனக்கு உயிர் வந்தது. கேமராவை நிமிர்த்துவதும் அந்த மனுஷன்தான், கூச்ச சுபாவம் போலிருக்கிறது, நல்லவர் என்று நினைத்துக்கொண்டேன். நீ மறுபடி மேலே ஏறிவிட்டாய்.

அவருக்கு ஒரு நன்றி சொல்லலாம் என்றுதான், சத்தியமாக அதற்காகத்தான், தங்குமிடங்களைப் பார்த்துக்கொள்ளும் ஆபீசுக்கு அப்பாவை விட்டுப் போன் போடச் சொன்னேன். அவருடைய அரைகுறை இங்கிலீஷ் புரியாததாலோ என்னவோ, அங்கே இருந்த பெண் ஒரே விஷயத்தை இரண்டு தடவை சொன்னார். சிவப்புக் கதவுக்கு மேலே இந்தச் சமயத்தில் காவலாள் யாரும் கிடையாது, ஆபத்துக்கு ஒதுங்குவதற்காகக் கதவை மட்டும் பூட்டாமல் விட்டிருக்கிறார்கள். வேறு பயணி யாராவது இருப்பார்களோ என்று கேட்டோம். மேலே போயிருப்பது உங்கள் மகள் ஒருத்திதான், வேறு யாரும் இல்லை என்றார். 

நீ கிளம்பும் முன் கடையிலிருந்து ஏற்றிவிட்டுப் போன வீடியோக்கள் மெல்ல மெல்ல வந்து, கடைசித் துண்டு நீ போன பிறகுதான் முழுசாக இறங்கியது. குளிரில் பேட்டரி தானாக அணைந்துவிட்டது, பாதியில் நிற்கும் என்று எழுதியிருந்தாயே, அது. பேட்டரியில் சார்ஜ் நிறைய இருந்திருக்கிறது, வீடியோவோடு பதிவாகிற விவரத்தில் அப்பா பார்த்துவிட்டார். அந்தத் துண்டில் நீ வளைவு வரைக்கும் போய்த் திரும்பிவிட்டாய். புள்ளியாக வருகிறாய், ஆரஞ்சுக் கையுறை தெரிகிறது, ஒரு கையைத் தூக்கி ஆட்டக்கூடச் செய்கிறாய், இங்கே நானும் பைத்தியக்காரி மாதிரி கையை ஆட்டினேன். இன்னும் நீ வெகு தூரத்தில் இருக்கிறாய். அப்போது பக்கத்திலிருந்து ஒரு கை வந்தது. கையுறை இல்லாத கை, சுத்தமான கை, நகம் ஒட்ட வெட்டியிருந்தது. நம் வீட்டு விளக்கை நாமே அணைக்கிற சாவகாசத்தோடு அது கேமராவை அணைத்தது.

அப்பா எழுந்து போனார். பாத்ரூம் குழாய் ஒழுகுகிறது என்று மாதக்கணக்காகக் கத்திக்கொண்டிருந்தேன் அல்லவா, போய் அதைச் சரிசெய்தார். கையைத் துடைத்துக்கொண்டே வந்து, “அவளைக் கூட்டிட்டு வந்துடலாம்” என்றார். அவர் குரல் அப்படி இருந்து நான் கேட்டதில்லை. தெரிந்தவர்களையெல்லாம் விசாரித்து, கடைக்காரம்மாவைப் பிடித்தோம். அவர் தம்பி ஜீப் ஓட்டுகிறாராம், நீ அடுத்துத் தங்கப்போகிற ஏரிக்கரைத் தங்குமிடம் வரைக்கும் மரம் ஏற்றும் வண்டிகள் போன பழைய பாதை ஒன்று இருக்கிறதாம், நீ அங்கே வந்து சேரும் சமயத்துக்கு அவரும் அவர் மனைவியும் ஏறி வருவார்கள். சைக்கிளைப் பின்னால் போட்டுக்கொண்டு அவர்களோடு வந்துவிடு. நாங்கள் டிக்கெட் எடுத்துவிட்டோம், நீ இறங்கும்போது அந்தக் கடை வாசலில் இருப்போம். அத்தை வீட்டைப் பார்த்துக்கொள்கிறார், அவருக்கு ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் மாப்பிள்ளைப் பேச்சு எடுக்காமல் வழிக்கு வேண்டியதைக் கட்டிக்கொடுக்கிறார், அதுவே எனக்குப் பயமாக இருக்கிறது.

உனக்குக் கோபம் வரும். ஏரிக்கு அப்புறம் வரும் அந்தக் கணவாய்தான் படத்துக்கே உயிர், அதற்காகத்தான் வேலையை விட்டாய், அது இல்லாமல் முடித்தால் இரண்டு வருஷ உழைப்பும் அரைகுறை என்று எனக்குத் தெரியும். நீ போகிறேன் என்றபோது அத்தையிடமும் ஊரிடமும் உனக்காகச் சண்டை போட்டவள் நான். அதே வாயால் பாதியில் விடச் சொல்கிறேன், எனக்கு அது சுலபம் என்று நினைக்காதே. படம் போகட்டும் மகளே. கோபத்தை என் மேல் காட்டு, கீழே வந்து காட்டு, எத்தனை நாள் பேசாமல் இருந்தாலும் தாங்கிக்கொள்கிறேன். இதைப் படிக்கிற நேரம் கேமராவை எங்காவது வெளியே வைத்திருந்தால் அது அங்கேயே கிடக்கட்டும், எடுக்கப் போகாதே. இது அப்பா சொல்லச் சொன்னது, கேமராவில் ஒரு கீறல் விழுந்தாலே சோறு இறங்காத மனுஷன் சொன்னது. விறகைத் தொடாதே, வாளித் தண்ணீரைக் குடிக்காதே. பயந்த மாதிரி காட்டிக்கொள்ளாதே.

நீ எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும், நோய்நொடி அண்டாமல், நினைத்தது கைகூடி, தீர்க்காயுசாக இருக்க வேண்டும். அப்பாவின் ஆசீர்வாதமும் சேர்த்து.

ஒன்று மறந்துவிட்டேன், அப்பா படமெடுக்கப் போனோடு நிற்கும்போதுதான் தோன்றியது. இந்தக் கடிதத்தை உன் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று கடைக்காரம்மாவிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறோம். அவர் தம்பியும் தம்பி மனைவியும் இரண்டு பேராக வந்து நேரில் கொடுப்பார்கள், நீ வரும் வரைக்கும் காத்திருப்பார்கள், எங்கேயும் வைத்துவிட்டுப் போக மாட்டார்கள். அதனால், நீ தங்குமிடத்துக்குள் நுழைந்தபோது இது மேசை மேல் இருந்து, நீயாக எடுத்துப் படித்துக்கொண்டிருக்கிறாய் என்றால், தலையைத் தூக்காதே. பையை எடுக்காதே. படிக்கிற மாதிரியே எழுந்து வாசலுக்கு வந்து சைக்கிளில் ஏறு. மெதுவாகப் போ, மெதுவாகப் போ என்று உனக்கு ஆயுசுக்கும் சொன்ன வாய்தான் சொல்கிறது, வேகமாக வா.

உன்
அம்மா