அப்பாவின் சைக்கிள் கொடி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். இவ்வளவு தூரத்திலிருந்து நம்பத்தான் முடியும். முந்தாநாள்தானே போனில் பேசினோம், அதற்குள் கடிதமா என்று நினைப்பாய். அப்பா சைக்கிளில் கொடி இருக்கிறதுதானே என்று நீ கேட்டாய், இருக்கிறது என்றேன். அது பொய். உன் குரலைக் கேட்டுக்கொண்டே அதைச் சொல்ல எனக்குத் தைரியம் போதவில்லை, அதனால் எழுதுகிறேன்.

அந்த சைக்கிளை நீ போட்டோவில்தான் பார்த்திருக்கிறாய். நேரில் இன்னும் விசித்திரமாக இருக்கும். பழைய சைக்கிள் இரண்டை வெட்டி வெல்டிங் கடைக்காரர் செய்து கொடுத்தது, மூன்று சக்கரம், சாய்வு நாற்காலி மாதிரி ஓர் இருக்கை, காலை முன்னால் நீட்டி மிதிக்க வேண்டும், உட்கார்ந்தால் அப்பாவின் தலை என் இடுப்பு உயரத்துக்குத்தான் வரும், பெரிய வண்டிக்காரர்கள் கண்ணில் படத்தான் பின்னால் உயரமான கம்பியில் ஒரு கொடி. முதல் நாளே எதிர்வீட்டுத் தையல்காரர், என்ன சார், தலையணை உறையும் தச்சுத் தரவா என்று கேட்டார். தலையணை இருக்கு, ஆபீஸ் வந்ததும் எழுப்பிவிட ஆள்தான் வேணும் என்றார் அப்பா. தெருவே சிரித்தது, நான் சிரிக்கவில்லை. முதுகுவலி போய்விட்டது என்று அவர் சொன்னபோது, ஒரு மாத அனுபவத்தை வைத்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது என்றேன், கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவள் அல்லவா. அவர் வலி மாத்திரை அட்டையை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார், மூன்று மாதமாகியும் அதில் ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. டாக்டரும் சர்க்கரை மாத்திரையைப் பாதியாகக் குறைத்துவிட்டார், ஸ்கூட்டரை விற்றதிலிருந்து பெட்ரோல் செலவும் இல்லை. எல்லாம் அவர் பக்கம்தான். என் பக்கம் இருந்தது ஒன்றே ஒன்று, பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்பது. இவ்வளவு படித்துவிட்டு அதை வாய்விட்டுச் சொல்ல முடியுமா, அதனால் ஆதாரம் போதாது என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

இரண்டு மாதத்துக்கு முன்பு ஒருநாள் காலை கல்லூரி வேன் சிக்னலில் நின்றது. என் ஜன்னலுக்கு வெளியே முதலில் அந்தக் கொடிதான் தெரிந்தது, உன் பழைய ஆரஞ்சு மழைக்கோட்டை வெட்டி அவரே தைத்தது. பக்கத்தில் இருந்த இயற்பியல் ஆசிரியை எட்டிப் பார்த்துவிட்டு, யாருங்க இது, கட்டிலோட வேலைக்குக் கிளம்பிட்டாரு என்றாள். வேன் முழுக்கச் சிரிப்பு. உங்க தெருப் பக்கத்திலேர்ந்துதானே வர்றாரு, தெரியுமா என்று என்னைக் கேட்டாள். தெரியலையே, யாரோ என்றேன். சொல்லிவிட்டு மடியில் இருந்த விடைத்தாள்களைப் புரட்டினேன். ஜன்னல் கண்ணாடி தானாக மேலே ஏறியது, தூசிக்காக டிரைவர் பொத்தானை அழுத்தினார் என்று நினைத்தேன். அன்று மாலை அப்பா வழக்கம்போலத்தான் வந்தார், வழக்கம்போலத்தான் பேசினார். மறுநாள் சைக்கிளில் கொடி இல்லை. கேட்டதற்கு, காத்துல ஒரே படபடன்னு சத்தம், கழட்டி வச்சுட்டேன் என்றார். எதற்கெடுத்தாலும் ஆதாரம் கேட்கிற நான் அதற்கு மட்டும் கேட்கவில்லை. கொடி இல்லாவிட்டால் வேனிலிருந்து பார்த்தால் அவர் தெரியமாட்டார், அது எனக்கு வசதியாக இருந்தது.

போன வியாழக்கிழமை அவர் வேலை பார்க்கும் அச்சக வாசலில் தண்ணீர் லாரி ஒன்று ரிவர்ஸில் வந்தபோது இவர் இருப்பதே டிரைவருக்குத் தெரியவில்லை. காவலாளி போட்ட கூச்சலில் லாரி நின்றது. முன்சக்கரம் வளைந்தது, முழங்கையில் ஐந்து தையல். பதறாதே, காயம் ஆறிவருகிறது. பாப்பாகிட்ட சொல்லாதே, லீவு போட்டுக் கிளம்பிடுவா என்றார், அதனால்தான் நீ கேட்டபோது மறைத்தேன் என்று எழுதிவிடலாம், ஆனால் அது பாதிதான் உண்மை. ஒரு கொடி கிடி இருந்திருந்தா தெரிஞ்சிருக்கும் சார் என்று அந்த லாரிக்காரர் திரும்பத் திரும்பச் சொன்னாராம். அடுத்த நாள் எல்லாரும் இறங்கிய பிறகு வேன் டிரைவர், சார் கை எப்படி இருக்கு மேடம், காலையில தெருமுனையில கட்டோட பார்த்தேன் என்று கேட்டார். உங்களுக்கு அவரைத் தெரியுமா என்றேன். ஒருநாள் நீங்க மறந்துட்டு வந்த மூக்குக்கண்ணாடியைக் காலேஜ் கேட்ல என்கிட்டதானே குடுத்துட்டுப் போனாரு என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, அன்னைக்கு சிக்னல்ல சார் காதுல விழக்கூடாதுன்னுதான் ஜன்னலை ஏத்தினேன் மேடம், ஆனா பிந்திட்டேன், சார் அண்ணாந்து உங்களைப் பார்த்துட்டுத் தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு என்றார்.

இயற்பியல் ஆசிரியையிடம் மறுநாளே சொன்னேன், அவர் என் வீட்டுக்காரர் என்று. எந்த சைக்கிள், எப்போ என்று கேட்டாள். அவள் மறந்தே போயிருந்தாள்.

அப்பாவிடம்தான் இன்னும் வாய் வரவில்லை. இன்று காலை அவருடைய ஸ்பானர் பெட்டியில் தேடினேன், கொடி நாலாக மடித்து அடியில் இருந்தது. வெல்டிங் கடையிலிருந்து சைக்கிள் நேற்றே வந்துவிட்டது, ஓரம் பிரிந்திருந்ததைத் தைத்து நானே கம்பியில் மாட்டினேன். அவர் பல் துலக்கியபடி வாசலுக்கு வந்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, காத்து நின்னுடுச்சா என்று கேட்டார். நின்னுடுச்சு என்றேன்.

நீ அவரிடம் இதைப் பற்றி எதுவும் கேட்காதே. சைக்கிளைப் பற்றிக் கேள், நீளமாகப் பேசுவார், நடுவில் போனை வைத்துவிடாதே. என்னிடம் கோபப்படுவதானால் தனியாக எழுது, படிக்கிறேன். உன் சைக்கிளுக்குப் பின்விளக்கு வாங்கிவிட்டாயா, தள்ளிப்போடாதே. எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இரு. தையல் பிரிக்கும்வரை பஸ்ஸில் போகச் சொன்னேன், கேட்கவில்லை, நாளையிலிருந்து சைக்கிளில்தான் போகிறார். சிக்னலில் கொடி தெரிந்தால் என் பக்கத்துக் கண்ணாடியை இறக்கிவிடுங்கள் என்று டிரைவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா