ஆட்டிய குப்பி

27 பிப்ரவரி 2025
நாளை பள்ளியில் அறிவியல் தின விழா. தம்பி பெலிக்ஸின் மகள் ஷர்லி பேசுகிறாளாம். திருச்சியில் ஆராய்ச்சி செய்பவள். மோட்டார் காயில் கட்டிக்கொண்டே கிடைத்த அறிவியல் புத்தகத்தையெல்லாம் படித்தவன் நான். இந்த ஆவூரில் ஒருவரும் என்னை மேடைக்குக் கூப்பிட்டதில்லை. போவேன். முன்வரிசையில்தான் உட்காருவேன்.

28 பிப்ரவரி
ஷர்லி பேசினாள். தண்ணீரில் போட்ட சில மூலக்கூறுகள் தாமாகவே ஒன்றோடொன்று சேர்ந்து நூலாகுமாம். நூல் வலையாகித் தண்ணீரையே பிடித்து நிறுத்துமாம். அதைப் புண்ணில் வைத்தால் புதுச் சதை அந்த வலையைப் பற்றி வளருமாம். மூடிய குப்பி ஒன்றைத் தலைகீழாகப் பிடித்தாள். உள்ளே இருந்தது இறங்கவில்லை. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

எழுந்துவிட்டேன். "தானா எப்படிம்மா சேரும்? காயிலுக்குப் பூசுற வார்னிஷே சூடு வச்சாத்தான் பிடிக்கும்."

குப்பியை வாங்கினேன். "பெரியப்பா, ஆட்டாதீங்க" என்றாள். ஆட்டினேன், பலங்கொண்ட மட்டும். கவிழ்த்ததும் மூடிப்பக்கம் ஓடியது. "வெறும் தண்ணி!" என்றேன். பள்ளிக்கூடமே சிரித்தது. அவள் ஏதோ சொல்ல வந்தாள். அந்தச் சிரிப்பில் கேட்கவில்லை. குப்பியோடு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

1 மார்ச்
காலையில் அலமாரியிலிருந்து குப்பியை எடுத்துக் கவிழ்த்தேன். இறங்கவில்லை.

மறுபடி கவிழ்த்தேன். இறங்கவில்லை.

ஆட்டினால் அறுகிற பிடிப்பு, சும்மா விட்டால் திரும்பச் சேர்ந்துகொள்கிறது. அவள் சொல்ல வந்தது இதைத்தானா? "என்னடா செஞ்சே, செபமாலை?" என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

மாலையில் பெலிக்ஸ் சிரித்துக்கொண்டே வந்தான். "நல்லாக் கேட்டீங்கண்ணே. வருசக்கணக்கா தண்ணியக் கலக்கத்தான் போயிருக்கா! படிப்பை நிப்பாட்டப் போறேன். நாளைக்கு விராலிமலைக்காரங்க பொண்ணு பாக்க வாராங்க. தவக்காலத்துல கல்யாணப் பேச்சு ஆகாது, அதுக்கு முந்தி பேசி முடிச்சிரணும். நீங்களும் வந்து ரெண்டு வார்த்தை சொல்லுங்க."

குப்பி என் சட்டைப்பையில்தான் இருந்தது. எடுத்துக் காட்டவில்லை.

2 மார்ச்
போனேன். "எங்க அண்ணன். படிக்காத புஸ்தகம் கிடையாது" என்று பெலிக்ஸ் அறிமுகப்படுத்தினான். காலமெல்லாம் கேட்க ஏங்கிய வார்த்தை. உடம்பு கூசியது.

காபித் தம்ளர்களுக்கு நடுவே குப்பியைக் கவிழ்த்து வைத்தேன். "பிள்ளை சொன்னதுதான் சரி. நாந்தான் ஒளறிட்டேன். அவ படிப்பை நிப்பாட்டாதே."

"யார் முன்னாடி என்ன பேசுறீங்க?" பெலிக்ஸ் பல்லைக் கடித்தான்.

மாப்பிள்ளையின் தாயார் மட்டும் குனிந்து பார்த்து, "அட, கீழ எறங்கலையே" என்றார். கதவோரம் நின்ற ஷர்லி என் பக்கம் திரும்பவே இல்லை.

5 மார்ச், சாம்பல் புதன்
தவக்காலம் தொடங்கிவிட்டது. கல்யாணப் பேச்சு முடியாமல் தள்ளிப்போயிருக்கிறது. பெலிக்ஸ் என்னோடு பேசுவதில்லை.

ஷர்லி இன்று ஆராய்ச்சியைத் தொடரத் திருச்சி பஸ் ஏறிவிட்டாள். எப்போதும் என் வாசலில் நின்று "வாரேன் பெரியப்பா" என்பாள். இன்று நிற்கவில்லை. குப்பியை அவளிடம் கொடுக்கச் சொல்லி அவள் அம்மாவிடம் தந்திருந்தேன். அவள் அம்மாவே அதைத் திருப்பிக் கொண்டுவந்தாள்.

"பெரியப்பாவே வச்சுக்கட்டுமாம். ஆட்டாம இருந்தாப் போதுமாம்."

அலமாரியில் வைத்துவிட்டேன். தொடவில்லை.