அட்ஜஸ்ட் பண்ண மாட்டேன்

என்னங்க,

புதுப்பெண்ணாக வந்த என்னை உங்கள் அம்மா அடுப்படியில் படுக்கச் சொன்னபோது, "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்றீர்களே, மறக்கவில்லை. எனக்கு நீங்கள் கற்றுக்கொடுத்த ஒரே இங்கிலீஷ் வார்த்தை அது. டெய்லரிடம் சொன்னால் ரவிக்கையைப் பிரித்துத் தைப்பார். பஸ்ஸில் சொன்னால் உட்கார இடம் கிடைக்கும். நம் வீட்டில் சொன்னால் மட்டும் நான் வாயை மூட வேண்டும்.

இப்போது பிள்ளைகள் உங்களைப் பெரியவன் வீட்டிலும் என்னைச் சின்னவன் வீட்டிலும் வைத்துவிட்டு அதையே சொல்கிறார்கள்.

"ஏன்டா, பங்கு பிரிக்க நாங்க என்ன அண்டா குண்டாவா?" என்றேன். சின்னவன் போனை நோண்டினான்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஓர் அறை பிடித்துவிட்டேன். கட்டில் ஒன்றுதான், குறட்டை விடுகிற நீங்கள் சுவர்ப் பக்கம். ஞாயிற்றுக்கிழமை ஆட்டோவில் வருகிறேன். துணிமணியை எடுத்து வையுங்கள். பெரியவனிடம் கேட்க வேண்டாம், சொன்னால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி