முப்பத்தெட்டாம் வரிசை

ஜனவரி 10, புதன்

நூலகத்தின் பின்னறையில் இன்று புதுப் போர்வை தொடங்கினோம். ஒன்பது பேர், ஒரே நட்சத்திரக் கட்டப்படம், நிறம் மட்டும் அவரவர் இஷ்டம். நான் கடுகு மஞ்சளும் கரும்பச்சையும். யோலண்டா ஆறு நிறத்தில் கம்பளி நூல் வாங்கி வந்து மேசையில் கடை பரப்பினாள். ஊதா, செங்கல், ரோஜா, இன்னும் என்னென்னவோ. இவள் என்ன, திருவிழா ராட்டினத்துக்கா போர்வை பின்னுகிறாள்?

யோலண்டா யாரென்று எனக்கு நானே எழுதிக்கொள்ள வேண்டியதில்லை. ஆனாலும் எழுதுகிறேன், எழுதினால் கொஞ்சம் ஆறுகிறது. பதினோரு வருடத்துக்கு முன்னால் ஹார்ம் என்னை விட்டுவிட்டு எவளைக் கட்டிக்கொண்டானோ, அவள். இந்த ஊரில் இருப்பது ஒரே நூலகம், அங்கே குரோஷா பின்னல் புதன்கிழமை மட்டும்தான். அவள் வருகிறாள் என்று நான் போகாமல் இருக்க முடியுமா? நான்தான் அங்கே முதலில் வந்தவள்.

ஜனவரி 14, ஞாயிறு

ஃபெம்கே போன் செய்தாள். குழந்தை ஜூலை முதல் வாரமாம். போர்வை அவளுக்குத்தான் என்றதும் சிரித்தாள்.

"யோலண்டாவும் எனக்குத்தான் பின்றாங்களாம். வீட்ல இருக்கிறது ஒரே ஒரு சோஃபா, அம்மா. ரெண்டுல எது நல்லா வருதோ அதைப் போடுறேன். இன்னொண்ணு அலமாரிக்குப் போகட்டும்."

விளையாட்டாகத்தான் சொன்னாள். இங்கே யாரும் எதையும் சுற்றி வளைத்துப் பேசுவதில்லை, என் மகளும் அப்படியே. ஆனால் எனக்கு உறைத்துவிட்டது. என் பேரக்குழந்தை அவள் பின்னியதில் புரளும், என்னுடையது அலமாரியில் அந்துருண்டையோடு கிடக்கும். அதையும் நான் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். மாட்டேன்.

ஜனவரி 24, புதன்

இந்தப் பின்னலில் திரும்பி வருவதே கிடையாது. ஒவ்வொரு வரிசையையும் முன்பக்கத்தில், வலது ஓரத்திலிருந்து தொடங்கி, இடது ஓரத்தில் நூலை வெட்டிவிட வேண்டும். அடுத்த வரிசை வேறு நிறம், மறுபடி வலது ஓரம். படத்தில் குறுக்குக் குறி உள்ள கட்டத்தில் ஊசியை இரண்டு வரிசை கீழே இறக்கி நீளக் கண்ணி போட வேண்டும். குறி இல்லையென்றால் குட்டைக் கண்ணி. இவ்வளவுதான் வித்தை. தப்பாகப் போட்டுவிட்டுப் பிரித்தால் கைக்கு வருவது துண்டு துண்டான நூல்தான்.

அதனால் ரூலி ஒரு சட்டம் வைத்திருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் பிள்ளைகளை மிரட்டியவள், ஓய்வு பெற்ற பிறகு எங்களை மிரட்டுகிறாள். காப்பிக்கு முன்னால் அவரவர் போர்வையையும் படத்தையும் இடது பக்கத்துக்காரியிடம் கொடுக்க வேண்டும். அவள் அந்த வாரத்து வரிசைகளை ஒப்பிட்டுப் பார்த்து, சரியாக இருந்தால் படத்தின் ஓரத்தில் தன் பெயரின் முதல் எழுத்தைப் போடுவாள். பிறகுதான் பிஸ்கட் டப்பா திறக்கும். ஆளுக்கு ஒன்று, உடனே மூடிவிடுவாள்.

யோலண்டாவின் இடது பக்கத்தில் இருப்பது நான். என் கெட்ட காலம். இல்லை, அவளுடையதா?

பிப்ரவரி 14, புதன்

முப்பத்தெட்டாம் வரிசை. அவளுடைய நட்சத்திரத்தின் நடுவில் மூன்று நீளக் கண்ணி விட்டுப்போயிருக்கிறது. இன்றே சொன்னால் தையல் ஊசியால் மேலே மூன்று இழை ஓட்டி மறைத்துவிடலாம். ஐந்து நிமிட வேலை.

சொல்வதற்கு வாயைத் திறந்தேன். அப்போது அவள் அந்தப் பக்கம் திரும்பிச் சொல்லிக்கொண்டிருந்தாள்: "ஸ்கேன் எடுக்கிறப்ப ஃபெம்கே என்னைத்தான் கூட வரச் சொன்னா. குட்டிக் காலு உதைக்கிறது அப்படியே தெரிஞ்சுது, அழுதுட்டேன்."

என்னை அவள் கூப்பிடவில்லை. ஸ்கேன் நடந்ததே எனக்குத் தெரியாது.

வாயை மூடிக்கொண்டேன். முப்பத்தெட்டுக்கு எதிரே 'அ' போட்டேன். அலிடாவின் அ, அழகாக, கொஞ்சம் சுழித்து.

பிப்ரவரி 15

சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பிப்ரவரி 28, புதன்

இன்னும் பதினொரு கண்ணி விட்டுப்போயிருக்கிறது. எல்லாமே நடுப்பகுதியில். யோலண்டா படத்தை முகத்தருகே கொண்டுபோய், தள்ளிப் பிடித்து, சாய்த்துப் பார்த்தாள்.

"ஹார்ம் வாங்கின அச்சு மெஷின் தண்டம், அலிடா. கோடெல்லாம் நெளிச்சு நெளிச்சு அடிக்குது. மூணு தடவை அடிச்சுப் பாத்துட்டேன்."

"அவன் எப்பவும் மலிவா பாத்துத்தானே வாங்குவான்" என்றேன். மேசையே சிரித்தது. அவளும்தான். தன்னைக் குத்துகிறார்கள் என்றுகூடத் தெரியாத மகராசி.

அ. அ. அ. அ.

மார்ச் 20, புதன்

மற்றவர்களுக்கு ஏன் தெரியவில்லை என்று யோசித்தேன். ஆறு நிறக் கூத்தில் மூன்றடி தள்ளி நின்றால் ஒன்றும் புலப்படாது. அதுவுமில்லாமல் போர்வை மடித்த வாக்கில்தான் கைமாறுகிறது. கடைசி பத்து வரிசை மட்டும்தான் வெளியே தெரியும். பின்பக்கம் திருப்பினால் வெறும் கோடுகள், தப்பு செய்தவளுக்கும் செய்யாதவளுக்கும் ஒன்றுபோலத்தான்.

போர்வையை என் மடியில் வைத்தபோது யோலண்டா என் முழங்கையைத் தொட்டாள். "உன் எழுத்து விழுந்துட்டா எனக்கு நிம்மதியா இருக்கு. நீ இல்லேன்னா நான் எங்கேயாவது சொதப்பியிருப்பேன்."

கையை உதறிவிடத் தோன்றியது. உதறவில்லை.

ஏப்ரல் 17, புதன்

இருநூறு வரை எண்ணினேன். அப்புறம் விட்டுவிட்டேன். நட்சத்திரம் ஒவ்வொன்றும் வயிற்றில் ஓட்டையோடு நிற்கிறது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சைக்கிளில் பாடிக்கொண்டே வந்தேன். சந்தோஷமாக இருந்தது. இதை வேறு எங்கே போய் எழுதுவேன்?

இன்னொன்று. யோலண்டா நெற்றியில் பிளாஸ்திரியோடு வந்திருந்தாள். வாய்க்கால் ஓரத்துக் கம்பத்தில் சைக்கிளை இடித்துக்கொண்டாளாம். "சத்தியமா சொல்றேன், அங்க கம்பமே இல்ல!" என்றாள். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சிரிக்கும்போதே எனக்கு ஒன்று தோன்றியது. என்ன தோன்றியது என்று எழுத மாட்டேன்.

மே 8, புதன்

என்னுடையது முடிந்தது. ஓரத்தில் தொங்கிய நூல் முனைகளையெல்லாம் இரட்டைக் கரையின் உள்ளே வைத்து மூடிவிட்டேன். பெரிய மேசையில் விரித்தபோது ரூலியே கை தட்டினாள்.

"யோலண்டா, உன்னோடதையும் விரி. இன்னும் இருபது வரிசைதானே?"

விரித்தாள். முழுதாக அதை யாரும் பார்த்தது அப்போதுதான். ரூலி கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு குனிந்தாள். "என்னடி இது? எல்லா நட்சத்திரமும் நடுவுல பொத்துக்கிட்டு நிக்குது?"

"எங்க?"

"இங்கதான். இதோ. இதோ. இங்கயும்."

யோலண்டா விரலால் தேடினாள். விரல் ஓட்டைக்குப் பக்கத்திலேயே போய்ப் போய் வந்தது. "எங்க ரூலி? எனக்கு ஒண்ணும் தெரியலையே. விளையாடாத."

யாரும் சிரிக்கவில்லை. ரூலி யோலண்டாவைப் பார்த்தாள். அப்புறம் படத்தை எடுத்து ஓரத்தில் வரிசையாக நின்ற 'அ'க்களைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

நான் நூலைச் சுற்றிக்கொண்டிருந்தேன். இவ்வளவு நாளாக இந்த நாளுக்குத்தான் காத்திருந்தேன். வந்தபோது கழிவறைக்குப் போக வேண்டும்போல இருந்தது.

மே 15, புதன்

நூலகத்துக்குப் போகவில்லை. யோலண்டாவே போன் செய்தாள்.

"கண்ணுக்குள்ள ரத்தம் கசியுதாம். இடது கண்ணுல நடுப்பார்வை போயிடுச்சு. வலதுல இப்பத்தான் ஆரம்பம், அதைப் பிடிச்சு நிறுத்தணும்னு மாசா மாசம் ஊசி. ஆமா, கண்ணுலேயேதான். நெனச்சுப் பாக்காத, வயித்தைப் புரட்டும்." சிரிக்கிறாள். "கேளேன், டாக்டர் ஒரு கட்டக் காகிதத்தை நீட்டி, கோடெல்லாம் நேரா இருக்கான்னு கேட்டார். அட, இதைத்தானே நாலு மாசமா மடியில வச்சுக்கிட்டு மெஷினைத் திட்டிக்கிட்டிருந்தேன்னேன்!"

நான் அடுப்பில் கொதிக்கும் உருளைக்கிழங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பிப்ரவரியிலயே வந்திருந்தா இடது கண்ணையும் காப்பாத்தியிருக்கலாமாம். என் தலையெழுத்து. அலிடா, ரூலி ஏதாவது சொன்னா மனசுல வச்சுக்காத. அத்தனை நிறத்துல உனக்கு மட்டும் எப்படித் தெரியும்னு அவகிட்ட சண்டையே போட்டுட்டேன்."

போனை வைத்துவிட்டு சமையலறையில் நின்றேன். உருளைக்கிழங்கு தீய்ந்துபோனது. தீயட்டும் என்று நின்றேன்.

மே 19, ஞாயிறு

ஃபெம்கே வயிற்றைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறி வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றாமல் யோலண்டாவின் கட்டப்படத்தை மேசையில் வைத்தாள். யோலண்டா ஒவ்வொரு வரிசைக்கும் தேதி எழுதி வைத்திருக்கிறாள்.

"முப்பத்தெட்டாம் வரிசைல ஆரம்பிக்குது. பிப்ரவரி பன்னெண்டு. பதினாலாந் தேதி நீ கையெழுத்துப் போட்டிருக்கே. அதுக்கப்புறம் எல்லா வாரமும் போட்டிருக்கே. அம்மா, நீ பாத்தியா?"

"பாக்கலடி."

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட. எல்லாம் சரியாத்தான் இருந்துது எனக்கு."

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எதிர்பார்த்தது சத்தம். ஆனால் அவள் கண் கலங்கிவிட்டது. எழுந்து வந்து, வயிறு இடிக்க இடிக்க, என்னைக் கட்டிக்கொண்டாள்.

"உனக்கும் அதேதான் அம்மா. உனக்கும் கண்ணு போயிட்டிருக்கு. யாருமே பாக்காம உன்னைத் தனியா விட்டுட்டோம். நான் ஒரு மடச்சி."

அவளுடைய தலையைத் தடவிக்கொடுத்தேன். இல்லை என்று சொல்ல இரண்டு மூன்று நல்ல சந்தர்ப்பம் இருந்தது.

மே 30, வியாழன்

தினமும் போன். சாப்பிட்டாயா, படியில் விளக்குப் போட்டாயா, சைக்கிளைத் தொடாதே. நேற்று அவளே சூப் கொண்டுவந்து கொடுத்தாள். பதினோரு வருடத்தில் என் மகள் என்னோடு இவ்வளவு பேசியதில்லை.

கண் டாக்டரிடம் அவளே நேரம் வாங்கிவிட்டாள். வேண்டாம், வேண்டாம் என்று எத்தனை தடவை சொன்னேன். பயப்படாதே, நான் கூடவே இருப்பேன் என்கிறாள்.

ஜூன் 6, வியாழன்

எழுதித்தான் ஆக வேண்டும்.

எழுத்துப் பலகையைக் காட்டினார்கள். கடைசி வரி வரை கண்ணாடிபோலத் தெரிந்தது. மூன்றாம் வரியிலிருந்து தடுமாறினேன். வேண்டுமென்றேதான். ஓ என்பதை சி என்றேன், இ என்பதை எஃப் என்றேன். கட்டக் காகிதத்தை நீட்டியபோது, நடுவில் நெளிகிறது என்றேன். யோலண்டா சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். ஃபெம்கே சுவரோரத்து நாற்காலியில் கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டிருந்தாள்.

பிறகு டாக்டர் கண்ணில் சொட்டு விட்டு, மெஷினில் முகவாயை வைக்கச் சொல்லி, உள்ளே பார்த்தார். படம் எடுத்தார். இன்னொரு தடவை எடுத்தார். நாற்காலியை எங்கள் பக்கம் திருப்பினார்.

"ஒரு குறையும் இல்லை. நாப்பது வயசுக்காரிக்குக்கூட இவ்வளவு சுத்தமா இருக்காது. இந்தக் கண்ணுக்குக் கோடு நெளியவே நெளியாது." கொஞ்சம் நிறுத்தினார். "ஏம்மா தப்புத் தப்பா படிச்சீங்க?"

ஃபெம்கே எழுந்து நின்றுவிட்டாள். அப்பாடா என்று சொல்லப்போகிறாள் என்றுதான் ஒரு நொடி நினைத்தேன். அவள் முகத்தில் உண்மை ஏறியதை நான் பார்த்தேன். நல்ல கண்ணல்லவா, எல்லாம் தெரிந்தது.

நாற்பது நிமிடம் காரை ஓட்டினாள். என் வீட்டு வாசலில் நிறுத்தினாள்.

"முப்பத்தெட்டாம் வரிசைல மூணு கண்ணி. பாத்தியா இல்லியா?"

"பாத்தேன்."

"எல்லா வாரமும்?"

"ம்."

"அவங்க கம்பத்துல போய் இடிச்சுக்கிட்டப்போ? அப்பவாவது தோணலையா உனக்கு?"

பொய் சொல்லத் தெம்பில்லை. "தோணுச்சு" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. ஐயோ, அதை மட்டும் சொல்லியிருக்கக் கூடாது. போர்வைக்காகச் செய்தேன் என்றாவது நினைத்திருப்பாள்.

என்னைத் தாண்டிக் கையை நீட்டிக் கதவைத் திறந்துவிட்டாள். "யோலண்டாகிட்ட சொல்ல மாட்டேன். அவங்களுக்கு உன்னை ரொம்பப் பிடிக்கும். அதையும் சேத்துப் பறிக்க வேணாம். இறங்கு."

ஜூன் 12, புதன்

நூலகத்துக்குப் போனேன். போகாமல் இருந்தால் தெரிந்துவிடும். என் வலது பக்கத்தில் யோலண்டா உட்காரும் நாற்காலியை ரூலி எடுத்துச் சுவரோரம் போட்டிருந்தாள். யாரும் என்னிடம் போர்வையைக் கொடுக்கவில்லை. டப்பா வந்தது, ஒரு பிஸ்கட் எடுத்துக்கொண்டேன். நன்றாகத்தான் இருந்தது.

ஜூன் 23, ஞாயிறு

போன் இல்லை.

ஜூலை 9, செவ்வாய்

தபாலில் பிறப்பு அட்டை வந்தது. பெண் குழந்தை. ஜூலை 4, மூன்றரைக் கிலோ, பெயர் லோட்டே. உறையில் என் பெயரும் முகவரியும் அச்சடித்த சீட்டு ஒட்டியிருந்தது. பல் டாக்டருக்கும் பழைய வீட்டுக்காரருக்கும் ஒட்டி அனுப்புவார்களே, அதே சீட்டு. ஐந்து நாளாக நான் பாட்டியாக இருந்திருக்கிறேன், எனக்குத் தெரியவில்லை.

அட்டையின் அடியில், குழந்தையைப் பார்க்க வருபவர்கள் முன்கூட்டியே அழைக்கவும் என்று ஒரு எண். அழைத்தேன். எடுத்தது ஹார்ம்.

"அலிடாவா? இரு, நேரம் எழுதின தாளைப் பாக்கிறேன். வியாழக்கிழமை மூணரைலேர்ந்து நாலு மணி வரைக்கும் காலியா இருக்கு. வசதிப்படுமா?"

பின்னால் குழந்தை அழுதது. முதல் தடவையாக அந்தக் குரலைக் கேட்டேன். அதற்கும் பின்னால் யோலண்டா: "யாரு, அலிடாவா? அதென்ன அரை மணி நேரம், இப்பவே கிளம்பி வரச் சொல்லு!" ஃபெம்கே ஏதோ சொன்னாள், என்னவென்று கேட்கவில்லை. யோலண்டா அதற்கப்புறம் பேசவில்லை.

"அலிடா? அந்த நேரம் சரியா வருமா?"

வரும் என்றேன். எனக்கு முன்னால் ஃபெம்கேவின் ஆபீஸ்காரர்கள் இரண்டு பேர் வருகிறார்களாம், அதனால் சரியாக மூன்றரைக்கு மணியடித்தால் போதும் என்றான்.