அப்பாவைப் பார்க்கிற ஆள்

ஜூலை 4, வெள்ளி

காலையிலிருந்து மழை. நேற்று மதியம் சொந்த ஊர் காரோட்டுக்கு வந்து சேர்ந்தேன். பெட்டியில் ஒரு சக்கரம் போச்சு. ஒலிவ எண்ணெய் பாட்டில் உடையவில்லை. ரோமில் வெயில் கொளுத்துகிறது. இங்கே தோய்த்த சட்டை உலர வழியில்லை.

செய்ய வேண்டியது: பல் டாக்டர். ஆதாரில் போன் நம்பர் மாற்ற. மனைவி லில்லிக்கு மிளகுப்பொடி, காட்டன் நைட்டி. அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. அவள் அங்கே வேலைக்கு நிற்கிற வீட்டுக்காரர்கள் கடற்கரைக்குப் போகிறார்கள், அவர்களுடைய கிழவியைத் தூக்கிக்கொண்டு இவளும்.

அப்பா முன்னறையில், இரும்புக் கட்டிலில். பக்கவாதம் வந்த பிறகு நேரில் பார்ப்பது இப்போதுதான். போனில் முகம் மட்டும்தான் தெரியும். உடம்பு இவ்வளவு சுருங்கியிருக்கும் என்று நினைக்கவில்லை. பார்த்துக்கொள்ள ஓர் ஆள், திலீப். அஸ்ஸாம்காரன். மெலிந்த ஆள், நிறைய பவுடர். தங்கை செலின் ஏஜென்சியில் சொல்லி வைத்தது.

"ஆரு?" என்றார் அப்பா.

"நான் ஜெபனாக்கும் அப்பா. இத்தாலியில இருந்து."

சிரித்தார். வாயைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்த திலீப்பைக் காட்டினார். "ஜெபன் இஞ்ச நிக்கியான்."

"அல்ல அப்பச்சா, ஞான் திலீப்" என்று அவன் நெளிந்தான். அப்பா கேட்டதாகத் தெரியவில்லை.

செலினுக்குச் சிரிப்பு. "அது அப்பிடியாக்கும் அண்ணே. வந்த மாசமே பேரு மாறிப்போச்சு. நாங்க திருத்தவும் இல்ல. அவன் குடுத்தா சாப்பிடுவாரு, அது போதும்."

நானும் சிரித்தேன். பயணக் களைப்பு. மரச்சீனிக் கிழங்கு, சாளைக் கறி. காரம் தாங்கவில்லை, கண்ணில் நீர் வந்தது. செலின் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டு தோளைத் தட்டினாள்.

ஜூலை 6, ஞாயிறு

சர்ச். மழையிலும் கூட்டம். பழைய முகங்கள் எல்லாம் சாயம் பூசிய தலையோடு. இத்தாலியில் என்ன வேலை என்று எல்லோருக்கும் ஒரே கேள்வி. "ஆஸ்பத்திரியில்" என்றேன். செலினும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாள். ஐந்தாம் மாடி பிளாட்டில் ஒரு கிழவர், அவருடைய டயப்பர், ஷேவிங், சூப்பில் வெந்த குட்டிப் பாஸ்தா, வியாழன் மதியமும் ஞாயிறும் மட்டும் வெளிக்காற்று: இதை எதற்குச் சொல்ல வேண்டும்?

ஒருவர் மகனுக்கு விசா கேட்டார். பையன் எஞ்சினியராம். பார்க்கலாம் என்றேன். பார்க்க மாட்டேன்.

திரும்பி வந்தால் திலீப் அப்பாவுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தான், ஏதோ அவன் ஊர்ப் பாட்டு பாடிக்கொண்டு. அப்பா தலையாட்டிச் சிரிக்கிறார். எங்களுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து இந்த வீட்டில் அவர் சிரித்துப் பார்த்ததில்லை. பெல்ட்தான் பேசும். எனக்கு முதுகில் இன்னும் ஒரு தழும்பு. வாய் கோணிய பிறகு சிரிப்பு வந்திருக்கிறது, அதுவும் கூலிக்கு வந்தவனிடம்.

ஜூலை 8, செவ்வாய்

பல் டாக்டர், பாறசாலை. ஒன்றைப் பிடுங்கினார். வாய் வீங்கி நாள் முழுக்க வீட்டில்.

நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு ஒருவன் வேலை செய்வதைப் பார்ப்பதில் இவ்வளவு சுகம் உண்டென்று இன்றுதான் தெரிந்தது. திலீப்பின் தந்திரங்கள் எல்லாம் எனக்குத் தெரியும். அவையெல்லாம் என் தந்திரங்கள். குளியலறையில் போன் பேசுவது. துணி உலர்த்தப் போய்ச் சும்மா நின்றுவிட்டு வருவது. ஊட்டிய மிச்சத்தை நின்றபடியே வாயில் போட்டுக்கொள்வது.

மத்தியானம் வீடியோ காலில் மகளுக்கு அப்பாவைக் காட்டிக்கொண்டிருந்தான். அப்பா நல்ல கையைத் தூக்கி அந்தக் குழந்தைக்கு டாட்டா காட்டினார்.

"போனை உள்ள வை. டியூட்டி நேரம்" என்றேன். மலையாளத்தில் சொன்னேன், நல்லா மனசிலாக வேண்டுமே.

"சரி சேட்டா." உடனே வைத்துவிட்டான். மறுபேச்சு இல்லை. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

ரோமில் கிழவரின் மகள் பாவுலா என்னிடம் சொன்னதும் இதேதான். அவள் 'தயவுசெய்து' சேர்த்துச் சொல்வாள்.

ஜூலை 10, வியாழன்

வெயில் எட்டிப் பார்த்தது. ஆதார் வேலை முடியவில்லை, சர்வர் இல்லையாம். வியாழன். ரோமில் என்றால் இந்நேரம் ஸ்டேஷன் பக்கத்துப் பூங்காவில் நம் ஆட்களோடு பெஞ்சில் இருப்பேன். டப்பாவில் புளிச்சோறு. அவரவர் கிழங்களைப் பற்றிக் குறை சொல்லிச் சிரிப்போம். கன்னத்தில் அறை வாங்கியவன் கதையைச் சொன்னால்கூடச் சிரிப்பு.

மத்தியானக் கஞ்சியை நானே கொடுத்தேன். திலீப்பை வாசலில் நிற்கச் சொன்னேன்.

முதல் கரண்டியைத் துப்பினார். இரண்டாவதைத் தட்டிவிட்டார். என் வெள்ளைச் சட்டை.

"ஜெபனைக் கூப்பிடு."

"நான்தான் ஜெபன்."

"கள்ளப் பயல். ஜெபா! எலே ஜெபா!" வாசலைப் பார்த்துக் கத்துகிறார்.

வாசலில் நின்றவன் தலையைக் குனிந்துகொண்டான்.

அப்பாவின் நல்ல கையை முழங்கைக்குக் கீழே பிடித்துக் கட்டிலோடு அழுத்திக்கொண்டேன். இன்னொரு கையால் கன்னத்தை அமுக்கி வாயைத் திறந்து ஊட்டினேன். பாதிக் கிண்ணம் உள்ளே போனது. எப்படிச் செய்வதென்று தெரியும். ரோமில் ஒருநாளும் இப்படிச் செய்ததில்லை. அவர்கள் வீட்டில் கேமரா உண்டு.

கையை விட்டபோது அப்பா அழுதுகொண்டிருந்தார். சத்தமில்லாமல்.

திலீப் உள்ளே வந்து கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஜூலை 11, வெள்ளி

காலையில் செலினின் அலறல். அப்பாவின் கையில் கருநீலம். விரல் விரலாகப் பதிந்திருக்கிறது. கட்டைவிரல் ஒரு பக்கம், மற்றவை மறுபக்கம்.

"இது என்ன? எலே, இது என்னன்னு கேக்கேன். பிடிச்சு நெரிச்சியா?"

திலீப் என்னைப் பார்த்தான். ஒரு தடவைதான். பிறகு தரையை.

"செலினு, சத்தம் போடாத" என்றேன். அதற்குமேல் நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே ஒரு வரி. சொல்லவில்லை. போனை எடுத்து அப்பாவின் கையைப் படம் பிடித்தேன். வெளிச்சம் போதாமல் ஜன்னலைத் திறக்கச் சொன்னேன். திலீப்தான் திறந்தான்.

போன வருடம் அங்கே கிழவரின் தோளில் இப்படி ஒரு நீலம். என்னைச் சுவரோரம் நிற்க வைத்துவிட்டு பாவுலா படம் எடுத்தாள். ரத்தம் இளக்குகிற மாத்திரையால் வருவது என்று பிறகு டாக்டர் சொன்னார். அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு ஒரு பெரிய கேக் தந்தாள். அந்தக் கேக்கை நானும் லில்லியும் புறாக்களுக்குப் போட்டோம்.

அவன் ஏன் வாயைத் திறக்கவில்லை? எனக்குத் தெரியும். திறந்தால் யார் நம்புவார்கள்?

செலின் ஏஜென்சிக்குப் போன் போட்டாள். படத்தை அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினேன்.

ஜூலை 12, சனி

திலீப் போனான். ஒரு ரெக்ஸின் பை, ஒரு பக்கெட். பக்கெட் அவனுடையதுதானா என்று செலின் பார்த்துக்கொண்டாள்.

போகும் முன் அப்பாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டான். "அப்பச்சா, ஞான் போயி வராம்."

"மழையில எங்க மக்கா போற?"

பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். வாசலில் என்னைத் தாண்டும்போது நின்றான். திட்டுவான் என்று நினைத்தேன், அதற்குத் தயாராகவும் இருந்தேன்.

"சேட்டா, ராவிலே இட்லி வேண்டா. புட்டு பாலில் நனைச்சால் கழிக்கும்" என்றான். காலையில் இட்லி வேண்டாமாம், பாலில் நனைத்த புட்டென்றால் சாப்பிடுவாராம்.

"அது எனக்குத் தெரியும்" என்றேன்.

தெரியாது.

ஜூலை 15, செவ்வாய்

மூன்று நாளாக அப்பா சாப்பிடவில்லை. புட்டும் பாலும் கொடுத்துப் பார்த்தாகிவிட்டது. பல்லைக் கடித்துக்கொள்கிறார். "ஜெபா... ஜெபா..." விடியும்போது தொடங்கினால் நிறுத்துவதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் மதில் வழியாக எட்டிப் பார்த்தார். "மோன் வந்திருக்குல்லா, பின்ன ஏன் கூப்பிடியாரு?"

குளிப்பாட்டுவது, புரட்டுவது, விரிப்பு மாற்றுவது எல்லாம் நான்தான். கை தானாக ஓடுகிறது. செலின் கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாச் செய்யியா அண்ணே." பிறகு: "அங்க இதாக்குமா வேலை?"

விரிப்பின் முனையை இழுத்துச் செருகினேன்.

"ஆஸ்பத்திரின்னு சொன்னே. எனக்க மாமியாருக்க முன்னால எம்புட்டு தடவ சொல்லியிருக்கேன், எனக்க அண்ணன் ரோம்ல ஆஸ்பத்திரியில ஆக்கும்ன்னு."

"ஆஸ்பத்திரி மாதிரிதான்."

"அப்போ ஒண்ணு செய். இனி நீ போவாண்டாம். எவனோ ஒருத்தனுக்க அப்பனுக்குக் கழுவியதுக்குப் பதிலா, எனக்க அப்பனுக்குக் கழுவிட்டு இஞ்ச நில்லு."

'எனக்க அப்பன்' என்றாள். நமக்க அப்பன் என்று சொல்லவில்லை.

மாலை பாவுலா போன். எனக்குப் பதிலாக வந்தவன் சரியில்லையாம். கிழவர் தட்டைத் தள்ளிவிடுகிறாராம், ஜான்னி எங்கே, ஜான்னி எங்கே என்று கேட்கிறாராம். ஜெபராஜ் என்கிற என் முழுப் பேர் அவர்கள் நாக்கில் நிற்காது. அங்கே நான் ஜான்னி. "அப்பாவுக்கு நீ வேண்டும். சீக்கிரம் வர முடியுமா?" குரல் உடைந்திருந்தது.

எழுத வெட்கமாக இருக்கிறது. சந்தோஷமாக இருந்தது. ரப்பர் மரங்களுக்கிடையில் சிக்னல் கிடைக்கிற இடத்தில் நின்றுகொண்டு, கொசு கடிக்கக் கடிக்க, இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

ஜூலை 17, வியாழன்

டாக்டர் வீட்டுக்கு வந்தார். மூக்கு வழியாகக் குழாய். இனி வாய் வேண்டாம், ஊட்டலும் வேண்டாம். எல்லாம் அரைத்துச் சிரிஞ்சில்.

குழாயை அப்பா பிடுங்கிவிட்டார். மறுபடி போட்டார்கள். பிறகு அந்த நல்ல கையைக் கட்டிலோடு கட்ட வேண்டியதாயிற்று. செலினுக்கு மனம் வரவில்லை, வெளியே போய்விட்டாள். பழைய முண்டு ஒன்றைக் கிழித்து நானே கட்டினேன். விரல் நுழைகிற இடைவெளி விட்டு, அவிழாத முடிச்சு. நீலம் மஞ்சளாக மாறிய இடத்தின் மேலேயே விழுந்தது கட்டு.

அப்பா என்னை நேராகப் பார்த்தார். "ஜெபன் வருவான், கேட்டியா. வந்தா உன்னை விடமாட்டான்."

டிக்கெட் மாற்றியாகிவிட்டது. சனி. செலினிடம் சொன்னேன். கஞ்சிச் சட்டியைக் கழுவிக்கொண்டே இருந்தாள். "போ" என்றாள். புதிய ஆள் திங்கட்கிழமைதான் வருவானாம்.

ஜூலை 19, சனி

விமான நிலையம். ஏசி குளிர். அழைப்புக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

கிளம்பும்போது அப்பா தூக்கத்தில். எழுப்பவில்லை. செலின் வாசல் வரை வரவில்லை.

நெய்யாற்றின்கரையில் லில்லிக்கு ஏத்தங்காய் சிப்ஸ் வாங்க வண்டியை நிறுத்தச் சொன்னேன். பக்கத்தில் டைல்ஸ் கடை. லாரியிலிருந்து பெட்டி இறக்கிக்கொண்டிருந்தவர்களில் ஒருவன் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்தான். தலையெல்லாம் வெள்ளைப் பொடி. திலீப்.

கண்ணாடியைத் தட்டினான். இறக்கினேன். சிரித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததில் நிஜமாகவே சந்தோஷப்பட்டான், படுபாவி.

"சேட்டா போகுன்னோ? அப்பச்சன் எங்ஙனே? கழிக்குன்னுண்டோ?"

"நல்லாச் சாப்பிடுதாரு" என்றேன்.

"புட்டு?"

"புட்டுதான். நானே குடுத்தேன்."

அவன் முகம் முழுக்க மலர்ந்தது. பொடி படிந்த கையை நெஞ்சில் வைத்துக்கொண்டான். பிறகு தயங்கித் தயங்கி, "என்னை அன்வேஷிச்சோ?" என்றான். தன்னைக் கேட்டாரா என்று.

"இல்ல" என்றேன். "ஒருநாள்கூடக் கேக்கல்ல."

தலையாட்டினான். ரொம்ப நேரம் ஆட்டிக்கொண்டே நின்றான். கடையிலிருந்து யாரோ கெட்ட வார்த்தை சொல்லிக் கூப்பிட்டார்கள், திரும்பி ஓடினான்.

கண்ணாடியை ஏற்றினேன். வண்டியை எடுக்கச் சொன்னேன். பாலராமபுரம் தாண்டிய பிறகுதான் சிப்ஸ் வாங்காதது நினைவுக்கு வந்தது.