முப்பிடாதி எண்ணியது

நாள் 112, 12:20
முகடு நிலையம், நிலாவின் தென்முனை. பதிவு செய்பவர்: ஆவுடையப்பன், மண்ணியல். உடன் இருப்பவர்: கிளாடிஸ், இயந்திரப் பொறியாளர். வேறு யாரும் இல்லை.
உள்காற்றில் கரியமில வாயு 0.30 சதவீதம். வழக்கமான அளவு. காற்று மீட்டரின் மாதச் சரிபார்ப்பு முடிந்தது.
இன்று முதல் செய்முறைப் பட்டறை. காணொளி இணைப்பில், எட்டயபுரம் பக்கத்து அரசுப் பள்ளியில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள். நான் இங்கே செய்வதை அவர்கள் அங்கே செய்கிறார்கள். காகிதத்தில் பெருக்கல் குறி போட்டு, அதன்மேல் கண்ணாடி டம்ளரில் சுண்ணாம்புத் தெளிநீர். ஊசி போடும் சிரிஞ்சால் அறைக்காற்றை அதற்குள் தள்ள வேண்டும். கரியமில வாயு பட்டால் நீர் பால்போல் கலங்கும். குறி மறைய எத்தனை தள்ளு என்று எண்ண வேண்டும். வாயு அதிகமானால் எண்ணிக்கை குறையும்.
அவர்கள் ஊரில் நூற்றைம்பது தாண்டியும் குறி தெரிந்தது. எனக்கு நாற்பத்தொன்று. மூடிய இடத்தில் இருவர் மூச்சு விடுகிறோம் அல்லவா என்றேன். கைதட்டினார்கள். மனசுக்கு இதமாக இருந்தது.

நாள் 119, 12:10
மீட்டர் 0.30.
இரண்டாம் பட்டறை. போன வாரம் வராத பிள்ளைகளுக்காக அதே சோதனை. இருபத்தாறில் குறி மறைந்தது. நீர் புதிதாகக் கலக்கியது, வித்தியாசம் இருக்கும்.

நாள் 126, 12:35
மீட்டர் 0.30.
மூன்றாம் பட்டறை. கல்வி அதிகாரிகள் இருவர் பார்வையாளர்கள். சோதனையை அவர்களுக்காக மறுபடி செய்தேன். பதினொன்றில் மறைந்தது.
ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்தாள். பெயர் முப்பிடாதி. நோட்டைப் பார்த்து வாசித்தாள்: "சார், மொதல்ல நாப்பத்தொண்ணு. போன வாரம் இருவத்தாறு. இன்னைக்கு பதினொண்ணு. ஏன் சார் கொறைஞ்சுக்கிட்டே வருது? அங்க காத்து கெட்டுப்போச்சா?"
"நீ எண்ணினது தப்பும்மா. இந்த வேலைக்கு முதல்ல ஒழுங்கா எண்ணத் தெரியணும்" என்றேன்.
வகுப்பே சிரித்தது. அதிகாரிகளும் சிரித்தார்கள். "இல்ல சார், நான்..." என்று ஆரம்பித்தாள். "உட்காரு" என்றேன். உட்கார்ந்தாள்.
அவள் தப்பாக எண்ணவில்லை. மூன்று எண்களும் என் வாயால் சொன்னவைதான்.

நாள் 126, 17:40
கிளாடிஸ் இயந்திர அறையிலிருந்து உள்பேசியில்: "சார், காலையிலேருந்து ஒரே தலைவலி. காத்து கனமா இருக்க மாதிரி இருக்கு. மீட்டரை மாசா மாசம் சரிபாக்கீங்கல்லா?"
"பார்த்தாச்சு" என்றேன்.
பார்க்கவில்லை. நாள் 112இல் செய்திருக்க வேண்டும். பட்டறைக்குக் கேமராவும் விளக்கும் பொருத்திக்கொண்டிருந்தேன். செய்ததாகப் பதிந்துவிட்டேன். இப்போது சரிபார்த்தால் அதுவும் பதிவாகும், ஏன் என்று தரைக்கட்டுப்பாட்டில் கேட்பார்கள். நாளைக்குச் செய்வோம்.

நாள் 127, 08:15
கிளாடிஸ் காலை உணவுக்கு வரவில்லை. இயந்திர அறையில் தரையில் கிடந்தார். மூச்சு இருக்கிறது, நினைவில்லை. உதடு நீலம்.
சிரிஞ்சை எடுத்தேன். நான்கு தள்ளில் குறி மறைந்தது. நாற்பத்தொன்றில் பத்தில் ஒரு பங்கு, அப்படியானால் வாயு மூன்று சதவீதம். இயந்திர அறையில் அதைவிட அதிகம் இருக்கும்.
மீட்டர் இன்னும் 0.30 என்றே சொல்கிறது. எத்தனை நாளாக ஒரே எண்ணில் செத்துக் கிடக்கிறதோ. அதை நம்பி, கரியமில வாயுவைப் பிடித்து வெளியேற்றும் வடிகட்டியும் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறது.
ஒரு குழந்தை கண்டுபிடித்தது. இருபது வருட அனுபவம் உள்ள நான் அவளை உட்காரச் சொன்னேன்.

நாள் 127, 10:50
வடிகட்டியை முழு வேகத்தில் விட்டேன். தப்பு. கிளாடிஸாக இருந்தால் பிடித்த வாயு வெளியே போகும் வெளிவால்வை முதலில் பார்த்திருப்பார். வால்வு இறுகிக்கிடந்தது. வடிகட்டி சூடாகி, பிடித்து வைத்திருந்த வாயுவையும் அறைக்குள்ளேயே கக்கிவிட்டது. நிறுத்துவதற்குள் நிலைமை மோசம்.
தரைக்கட்டுப்பாடு: "முகடு, பக்கத்து நிலையத்திலிருந்து வண்டி கிளம்பிடுச்சு. வந்து சேர நாற்பது மணி நேரம். உங்க ஊர்தியில தனிக்காற்று இருக்குல்ல, ரெண்டு பேரும் அதுக்குள்ள போயிடுங்க."
ஊர்தியின் காற்று இருவருக்கு இருபது மணி நேரம். ஒருவருக்கு நாற்பது. அவர்களுக்கும் இந்தக் கணக்கு தெரியும்.

நாள் 127, 12:30
கிளாடிஸை ஊர்திக்குள் இழுத்துக் கிடத்தினேன். வண்டி தாமதமானால் உதவும் என்று இரண்டு விண்ணுடைகளின் காற்றுப் புட்டிகளையும் அவர் பக்கத்தில் வைத்துக் கதவைப் பூட்டினேன். ஒரு மணி நேரத்தில் கண் திறந்தார். வானொலியில் முதல் கேள்வி: "சார், நீங்க எங்க இருக்கீங்க?"
சொன்னேன். சரிபார்ப்பு பற்றியும் சொன்னேன். "நேத்து நான் கேட்டப்பவாவது சொல்லிருக்கலாம்லா சார்" என்றார். அழுகைச் சத்தம் கேட்டது. வானொலியை அணைத்துவிட்டார்.
இதைப் படிப்பவர்களுக்கு: தியாகம் என்று எங்கும் எழுதிவிடாதீர்கள். நான் செய்ததன் நடுவில் அவர் அகப்பட்டுக்கொண்டார். அவ்வளவுதான்.

நாள் 128, 11:05
தலை பிளக்கிறது. மூச்சு ஓடி வந்தவனுக்கு வாங்குவதுபோல் வாங்குகிறது. எழுத்துகள் இரண்டிரண்டாகத் தெரிகின்றன.
பள்ளிக்கு இணைப்பு கேட்டேன். தரைக்கட்டுப்பாடு யோசித்து, படம் இல்லாமல் குரல் மட்டும் தந்தது.
"சார், சுசீலா டீச்சர் பேசுறேன். புள்ளைங்க எல்லாம் இருக்காங்க."
முப்பிடாதியைக் கூப்பிடச் சொன்னேன்.
"அவ வரல சார். அன்னைக்கு மத்தியானமே பையத் தூக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டா. புள்ளைங்க அவள 'பதினொண்ணு, பதினொண்ணு'ன்னு பட்டப்பேரு வச்சுக் கூப்பிட்டிருக்குங்க. நோட்டக் கிழிச்சுப் போட்டுட்டா. இனிமே ஸ்கூலுக்கே வரமாட்டேங்கிறா."
பிள்ளைகளிடம் சொன்னேன். அவள் எண்ணியது சரி. எனக்கு அப்போதே தெரியும். அதிகாரிகள் முன்னால் என் சோதனை பிசகியதாகத் தெரியக் கூடாது என்று அவள்மேல் பழி போட்டேன். மீட்டரைச் சரிபார்த்ததாகவும் பொய் எழுதினேன்.
யாரோ ஒரு பையன் குரல்: "சார், அப்ப நாங்க சிரிச்சோமே?"
என்னால்தான் சிரித்தீர்கள் என்றேன்.
டீச்சர்: "வண்டில ஆள் அனுப்பிருக்கேன் சார். பத்து நிமிஷம். லைன்லயே இருங்க."

11:27
இன்னும் வரவில்லை. கை மரத்துவிட்டது. கிளாடிஸ் வானொலியில் என் பெயரைச் சொல்லிக்கொண்டே இருக்கிறார், தூங்காதீங்க சார், தூங்காதீங்க. பதில் சொல்ல மூச்சு போதவில்லை. இருக்கிற மூச்சை முப்பிடாதிக்காக வைத்திருக்கிறேன்.

11:3
காலடிச் சத்தம். பெஞ்சு நகர்கிறது. மூச்சு வாங்குகிறது ஒரு பிள்ளை.
"சார்? எதுக்குக் கூப்பிட்டீங்க? நான் ஒண்ணும் தப்பா எண்ணலியே சார்."
வாய் திறக்கிறது குரல் வரவில்லை
மறுபடி கேட்கிறாள் சார் சார் என்று
எழுதுகிறேன் இதை அவளிடம் கொடுங்கள் முப்பிடாதி நீ தப்பாக எண்ண