மாரியின் தட்டில் பாதி

28.8.1985, புதன்

பென்சன் வாங்கும் முதியவர்களுக்கும் மதியச் சாப்பாடு உண்டு என்றானதிலிருந்து சுப்பையா அண்ணாச்சி என் சத்துணவு மையத்தில்தான் சாப்பிடுகிறார். தறியில் குனிந்து குனிந்தே வளைந்துபோன முதுகு. இன்று தன் சோற்றில் பாதியை, பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒன்றாம் வகுப்பு மாரியின் தட்டில் தள்ளிவிட்டார். கையும் களவுமாகப் பிடித்தேன்.

"உங்க பங்கை நீங்கதான் திங்கணும் அண்ணாச்சி."

"இனிமே தின்னு எனக்கு எந்த எலும்பும்மா தேறப்போவுது? சின்னதுல எனக்குக் கஞ்சிக்கே வழியில்ல. இவ இப்பத் தின்னாத்தான் என் வயசுல நிமிந்து நடப்பா."

மாரி வாய் நிறையச் சோறோடு சிரித்தாள். கோபப்பட்டது போல முகத்தை வைத்துக்கொண்டேன்.

நாளை அவர் தட்டில் இரண்டு கரண்டி கூடப் போடச் சொல்ல வேண்டும். அப்போதும் பாதியைத் தள்ளத்தான் செய்வார். தள்ளட்டும்.